கொப்பளித்தால் ரத்த அழுத்தம் ஏறுமா?

1683-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் கடுமையான வினிகரால் வாய் கொப்பளித்துவிட்டு, பல்லிடுக்கைச் சுரண்டித் தன் லென்ஸில் பார்த்தார். நுண்ணுயிர்கள் நெளிந்துகொண்டுதான் இருந்தன. சுரண்டிய அழுக்கை வெளியே கரைத்து வினிகர் கலந்தபோதோ, உடனே செத்தன. வாய்க்குள் வினிகர் அழுக்கின் மேல்பக்கத்தோடு நின்றுவிட்டது என்று லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். இன்றைய மவுத்வாஷுக்கும் இதே வரம்புதான். பல்லில் பிசுபிசுப்பாகப் படிந்த படலத்தைப் பிரஷ்தான் எடுக்க வேண்டும்.

காரமாகச் சுரீரென்று இழுக்கும் ரகத்தில் இருப்பது தைமால், யூகலிப்டால், மெந்தால். தைமால் வேறெதுவும் இல்லை, ஓமத்துக்கு வாசம் தருவதுதான்; பாக்டீரியாவின் செல்சவ்வைக் குலைக்கும். மருத்துவர் எழுதித்தரும் குளோர்ஹெக்சிடின் இன்னும் கெட்டி. அது நேர்மின்னேற்றம் உள்ளது, பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உள்ளது. ஒட்டிக்கொண்டு உறையில் ஓட்டை போட, உள்ளிருப்பது கசிந்துவிடும். துப்பிய பிறகும் பல்லிலும் ஈறிலும் தங்கி மணிக்கணக்கில் வேலை செய்யும். பல்லைப் பழுப்பாக்கும், நாக்கின் ருசியையும் கெடுக்கும். பல் தேய்த்த கையோடு கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள நுரைப்பொருளே அதன் வீரியத்தைக் குறைத்துவிடும்; அரைமணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஈறு அறுவைக்குப் பிறகு சில நாட்களுக்கு இது அவசியம் என்கிறார்கள் பல் மருத்துவர்கள். சரி, சில நாட்கள்.

தினமும் பழக்கமாக்கிக்கொண்டவர்களைப் பற்றித்தான் கவலை. கீரையிலும் பீட்ரூட்டிலும் உள்ள நைட்ரேட் ரத்தத்தில் கலந்து, எச்சில் வழியாக மறுபடி வாய்க்கு வருகிறது. அதை நைட்ரைட்டாக மாற்றுவது நம் உடம்பல்ல, நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் பாக்டீரியா. விழுங்கிய நைட்ரைட்டிலிருந்து உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாய்களைத் தளர்த்தும். கெட்ட கிருமி, நல்ல கிருமி என்று குளோர்ஹெக்சிடினுக்குத் தெரியாது. லண்டனில் ஆரோக்கியமான 19 பேரை 7 நாட்கள் அதில் கொப்பளிக்கச் செய்து பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. ரத்த அழுத்தம் 2 முதல் 3.5 மி.மீ. வரை ஏறியிருந்தது. சின்ன ஆய்வுதான், எல்லா மவுத்வாஷுக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஆரோக்கியமானவருக்கே இப்படியென்றால், ஏற்கெனவே பிபி மாத்திரை விழுங்குகிறவருக்கு?

உப்பைக் குறைத்தீர்களா, நடக்கிறீர்களா என்று மருத்துவர் கேட்பார். வாஷ்பேசின் மேலிருக்கும் பாட்டிலைப் பற்றிக் கேட்க மாட்டார். அடுத்த முறை பிபி பார்க்கப் போகும்போது நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.