என் படமும் பிறர் கண்ணும்



புகைப்படத்தைப் பற்றி வானொலியில் பேசுவது சற்று வேடிக்கையான செயல்தான். படத்தைக் கையில் எடுத்துக் காட்ட வழியில்லை. சொல்லால்தான் காட்டியாக வேண்டும். ஆயினும் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இக்குறையே துணையாகவும் அமையும். பொழுதுபோக்காகப் படம் எடுக்கின்றவர்கள் தங்கள் அன்றாடப் படங்களை ஒருவருக்கொருவர் காட்டி, நட்பு முறையில் கருத்துச் சொல்லிக்கொள்வது எப்படி என்பதே அப்பொருள். ஒரு படத்தில் தான் கண்டதைச் சொல்லில் வைக்கத் தெரியாதவன், அதைப் பற்றிக் கருத்துச் சொல்லவும் தெரியாதவன் என்பது என் எண்ணம். இந்த எண்ணம் எனக்கு நூல்களால் வந்ததன்று. நான் செய்த பிழை ஒன்றால் வந்தது.

முதலில் ஒரு கேள்வி. படம் எடுத்தவனுக்குக் கண் இல்லையா? தன் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று அவனே பார்த்துக்கொள்ளக் கூடாதா? எளிதில் இயலாது என்பதே விடை. மார்கழி விடியலில் தெருமுனைத் தேநீர்க் கடையை ஒருவன் படம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது அவன் உடலில் குளிர் இருந்தது. மூக்கில் இஞ்சியின் மணம் இருந்தது. காதில் கோவில் ஒலிபெருக்கியின் பாட்டு இருந்தது. பின்னர் அந்தப் படத்தைப் பார்க்குந்தோறும் இவை யாவும் அவனுக்குத் திரும்ப வருகின்றன. ஆனால் தாளில் ஏறியவை மூன்று முதுகுகளும் ஒரு தகரக் கூரையும் மட்டுமே. அவன் பார்ப்பது படத்தை அன்று, தன் நினைவை. குளிரும் மணமும் அறியாத நண்பன் ஒருவனே தாளில் உள்ளதை உள்ளபடி பார்க்க வல்லவன். அவன் கண்ணை இரவல் வாங்குவதற்காகவே நாம் படத்தை அவனிடம் நீட்டுகிறோம்.

இந்த இரவல் முறை புகைப்படக் கலையோடு உடன்பிறந்தது எனலாம். தொடக்க காலத்தில் படம் எடுப்பவரே தாளையோ கண்ணாடியையோ மருந்து பூசிப் பக்குவப்படுத்த வேண்டியிருந்தது. 1851-இல் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர், கொலோடியன் என்னும் பசைநீரைக் கண்ணாடியில் பூசிப் படம் எடுக்கும் முறையை, காப்புரிமை எதுவும் பெறாமல், இதழ் ஒன்றில் வெளியிட்டுவிட்டார். அம்முறையில் ஈரம் உலர்வதற்குள் படத்தை எடுத்துக் கழுவியும் ஆகவேண்டும். கறை விழுந்தால் அது மருந்தின் குற்றமா, நீரின் குற்றமா, கையின் குற்றமா என்பது தனித்திருப்பவனுக்கு விளங்காது. ஆகவே அவர்கள் கூடினார்கள். 1853-இல் லண்டனில் புகைப்படச் சங்கம் தோன்றியது. அங்கே ஒரு குழுவினர் 1855-ஆம் ஆண்டுக்கெனத் தங்கள் படங்களைத் தொகுத்து வெளியிட்ட ஆல்பத்தில், படத்தோடு அது எடுக்கப்பட்ட முறையும் அச்சிடப்பட்டிருந்தது. நம் நாட்டில் பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவிலும் சென்னையிலும் 1856-இலும் இத்தகைய சங்கங்கள் எழுந்தன. அக்காலத்தவர் கோவிலையும் கோட்டையையும் எடுத்தார்கள். அடுப்பங்கரையை எடுத்தவர் அரியர்.

அன்றாட வாழ்க்கை படத்துக்குள் தாராளமாக நுழைந்தது, 1888-இல் கோடாக் காமிராவும் 1900-இல் ஒரு டாலர் விலையுள்ள பிரவுனிக் காமிராவும் வந்த பிறகே. முதற் கோடாக்கில் நூறு படங்கள் எடுக்கலாம். எடுத்து முடித்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும் புதுப் பிலிம் இட்ட காமிராவும் திரும்பி வரும். வேலை எளிதாயிற்று, ஆனால் ‘இந்தப் படம் ஏன் இப்படி வந்தது?’ என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை.

அந்த ஆளைத் தேடிக்கொள்ளும் வழியாகவே பிரிட்டனில் அஞ்சல்வழிப் புகைப்படக் கழகங்கள் அமைந்தன என்று நான் கருதுகிறேன். அவற்றின் நடைமுறை எனக்கு மிகவும் பிடித்தமானது. உறுப்பினர் பெயர்கள் வரிசையாக எழுதிய பட்டியலோடு ஒரு பெட்டி புறப்படும். முதலாமவர் தம் படம் ஒன்றையும், கருத்து எழுதுவதற்கான வெற்றுத்தாள் ஒன்றையும் அதில் இட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். அவர் அப்படத்தைப் பார்த்துத் தாளில் எழுதி, தம் படத்தையும் சேர்த்து மூன்றாமவருக்கு அனுப்புவார். சுற்று முடிந்து பெட்டி திரும்பும்போது, முதலாமவருக்குத் தம் படத்தோடு அத்தனை பேருடைய கருத்தும் கிடைக்கும். அதை எடுத்துக்கொண்டு புதிய படம் ஒன்றை வைத்து மறுபடியும் அனுப்புவார். ஒருவரை ஒருவர் நேரில் காணாமலேயே படத்தின் வழியாக நெருங்கிவிட முடியும். இதில் ஒரு நன்மை உண்டு. எதிரில் ஆள் இல்லாதபோது முகத்துக்காகப் புகழ வேண்டியதில்லை. எழுத்தில் நிற்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லவும் கை கூசும்.

இந்தப் பெட்டி முறையைப் பற்றி எங்கோ படித்திருந்த எனக்கு, அதை நடத்திப் பார்க்கும் வாய்ப்பு 1994-இல் வந்தது. அப்போது நான் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியன். பன்னிரண்டு மாணவர்களைக் கொண்டு ஒரு புகைப்படக் குழு அமைத்தேன். பலரிடம் சொந்தக் காமிரா இல்லை. என்னிடம் இருந்த எளிய காமிரா ஒன்றை முறை வைத்து எடுத்துப் போவார்கள். உதகையில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ கறுப்பு வெள்ளைப் பிலிம் வாங்கி, ஆளுக்கு மூன்று படம் எனப் பங்கிட்டோம். மூன்றே படம் என்றால் மாணவன் எவ்வளவு நேரம் நின்று யோசிப்பான் என்பதை, கைப்பேசியில் ஒரு நாளைக்கு நூறு படம் எடுக்கும் நீங்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பெட்டிக்கு மாறாக நான் வைத்தது ஒரு பெரிய காக்கி உறை. ஆனால் தனித்தாளில் எழுதும் வழக்கத்தை நான் கைக்கொள்ளவில்லை. தாள் வீணாகும் என்ற சிக்கனம்! படத்தின் பின்புறத்திலேயே எழுதச் சொன்னேன். நானும் எழுதினேன், விடைத்தாள் திருத்தும் அதே சிவப்புப் பேனாவால்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் இட்ட படம் இது. ஒரு மூதாட்டி ஆட்டுரலில் மாவு ஆட்டுகிறார். குழவியைப் பற்றிய கையும், மாவைத் தள்ளிவிடும் கையும், மடியும், சேலையின் மடிப்பும் இருக்கின்றன. கழுத்துக்கு மேல் இல்லை. படத்தின் மேல்விளிம்பு தலையை வெட்டிவிட்டது. அதைக் கண்டதும் எனக்குள் இருந்த அறிவியல் ஆசிரியன் விழித்துக்கொண்டான். இதற்கு இடமாற்றுத் தோற்றம் என்று பெயர். எளிய காமிராக்களில் நாம் பார்ப்பது மேலே உள்ள பார்வைத் துளை வழியாக. படம் விழுவதோ அதற்குக் கீழே உள்ள வில்லை வழியாக. தொலைவில் உள்ள மலையை எடுக்கும்போது இவ்வேறுபாடு தெரியாது. அருகில் உள்ள பொருளை எடுக்கும்போது, வில்லை நம் கண்ணைவிடச் சற்றுத் தாழ்வாகப் பார்ப்பதால் மேற்பகுதி விடுபடும். இதைக் கரும்பலகையில் வரைந்து, அவன் படத்தை உயர்த்திக் காட்டி, “தலையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாயோ?” என்று கேட்டேன். வகுப்பு சிரித்தது. பிறகு படத்தின் பின்னால், ‘தலை வெட்டுண்டது. இடமாற்றுத் தோற்றத்தைக் கவனி’ என்று அழுத்தி எழுதினேன்.

அன்று மாலை மற்றொரு மாணவன் ஆசிரியர் அறைக்கு வந்தான். கணக்கில் கெட்டிக்காரன். “ஐயா, வில்லைக்கும் பார்வைத் துளைக்கும் இடையே மூன்று விரற்கடைதானே இருக்கிறது? அதற்குள் ஒரு தலை முழுவதும் போய்விடுமா?” என்று கேட்டான். நான் காமிராவை எடுத்து அளந்து பார்த்தேன். அவன் சொன்னது சரி. இரண்டும் நேராக ஒரே திசை நோக்கி இருக்கையில், விடுபடுவது அந்த மூன்று விரற்கடை அளவுதான். ஐந்தடி தொலைவில் உச்சிக்கொண்டை போகலாம். கழுத்து வரை போகாது. என் விளக்கம் சரி. அது அந்தப் படத்துக்கு உரிய விளக்கமன்று. அப்படியானால் பையன் வேண்டுமென்றே தலையை விட்டிருக்கிறான். ஏன் என்று நான் கேட்கவேயில்லை.

மேலும் ஒன்று நடந்திருந்தது. படத்தைத் திருப்பிப் பார்த்தபோது, நான் பின்புறம் அழுத்தி எழுதிய எழுத்துகள் முன்புறத்தில் புடைத்து, மூதாட்டியின் புறங்கையின் குறுக்கே வரிவரியாகத் தெரிந்தன. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால் என் எழுத்தை இடம் வலமாகப் படிக்கலாம்.

அதன்பின் அந்த மாணவன் குழுவுக்கு வந்தான். ஆனால் படம் கொண்டுவரவில்லை. தன் முறை வந்தபோதெல்லாம் காமிராவை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டான். இப்படி மூன்று மாதம்.

குழுவின் நடைமுறையை மாற்றினேன். படத்தின் பின்னால் யாரும் எழுதக் கூடாது. தனித்தாளில் பென்சிலால் எழுத வேண்டும். முதல் வரியில், ‘நான் இதில் காண்பது’ என்று தொடங்கிக் கண்டதை மட்டும் எழுத வேண்டும். அடுத்து ஒரு கேள்வி. அதன் பிறகே, தேவையென்று தோன்றினால், யோசனை. ‘நன்று’, ‘அருமை’ என்ற ஒற்றைச் சொற்களுக்குத் தடை. புகழக் கூடாது என்பதன்று. எது நன்று, படத்தின் எந்த மூலையில் உள்ளது நன்று என்று சொன்னால் புகழலாம்.

இம்முறையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு மாணவி, சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் நின்ற தன் தம்பியைப் படம் எடுத்திருந்தாள். காமிரா அவள் உறவினருடையது. ஒளியைத் தானே அளக்கும் வகை. ஒருவர், ‘மங்கலாக இருக்கிறது’ என்று எழுதினார். அவள் அதைக் கொண்டு என்ன செய்வாள்? இன்னொருவர், ‘சுவர் சாம்பல் நிறமாக இருக்கிறது; பையனின் முகத்தில் கண் தெரியவில்லை; இது மாலை நேரமா?’ என்று எழுதினார். எடுத்ததோ உச்சி வெயிலில்! இந்தக் கேள்வியால் குற்றம் பிடிபட்டது. ஒளி அளக்கும் கருவிக்குச் சுவர் எது, முகம் எது என்று தெரியாது. தான் பார்ப்பது எதுவாயினும், தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே அது கொள்கிறது. வெள்ளைச் சுவரைக் கண்டதும் ‘ஒளி மிகுதி’ என்று எண்ணிக் குறைத்துவிடுகிறது. சுவர் சாம்பலாகிறது, முகம் கறுக்கிறது. வில்லையின் திறப்பை ஒன்றிரண்டு படி கூட்டுவது இதற்கு மாற்று. ஒவ்வொரு படிக்கும் ஒளி இருமடங்காகும். உங்கள் கைப்பேசியிலும் இதே இடர்ப்பாடு உண்டு. பெரும்பாலான கைப்பேசிகளில் திரையில் தெரியும் முகத்தை விரலால் தொட்டு, வெளிச்சத்தைச் சற்று ஏற்றினால் போதும். ‘மங்கல்’ என்பது தீர்ப்பு, ‘மாலை நேரமா?’ என்பது உதவி.

போட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் 1953-இல் தோன்றிய இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பும் பல ஊர்ச் சங்கங்களும் கண்காட்சிகளால் இக்கலையை வளர்த்துள்ளன. அவற்றை நான் குறை கூறவில்லை. ஆனால் மதிப்பெண் இடுவது வேறு, கருத்துரைப்பது வேறு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மதிப்பெண் இட்டுப் பழகிய கை என்னுடையது. நூற்றுக்கு நாற்பது என்றால் மாணவன் தன் தரத்தை அறிவான். தன் படத்தை அறிய மாட்டான். கைப்பேசியில் படம் வந்த கணமே கட்டைவிரலையோ இதயத்தையோ தட்டி அனுப்பும் இக்கால வழக்கமும் ஒருவகை மதிப்பெண்தான். அதிலும் எல்லாருக்கும் நூற்றுக்கு நூறு.

நான்காம் மாதம் உறை என் மேசைக்கு வந்தபோது, அதனுள் பழைய ஆட்டுரல் படம் இருந்தது. அதே நெகட்டிவிலிருந்து தன் காசில் மறுபடியும் அச்சிட்டு வைத்திருந்தான். எனக்கு முன்பே பத்துப் பேர் எழுதியிருந்தார்கள். ஒருவன், மணிக்கட்டு வரை மாவு ஏறிக் காய்ந்த கோட்டைக் கண்டிருந்தான். ஒருத்தி, கைகளில் வளையல் இல்லை என்பதைக் கண்டிருந்தாள். கணக்கில் கெட்டிக்காரன், குழவி சுழல்வதால் அதைப் பற்றிய கை மட்டும் சற்றுக் கலங்கி, மற்றக் கை தெளிவாக நிற்பதைக் கண்டு, ‘இதனால் உரல் ஓடுவது தெரிகிறது’ என்று எழுதியிருந்தான். நான் இவற்றில் ஒன்றைக்கூட முன்பு பார்த்திருக்கவில்லை. பென்சிலை எடுத்து, ‘நான் இதில் காண்பது இரண்டு கைகளை. முகத்தை ஏன் விட்டாய்?’ என்று எழுதி வைத்தேன்.

மறுவாரம் தாள் திரும்பி வந்தது. என் கேள்விக்குக் கீழே அவன் எழுதியிருந்ததை எழுதியபடியே சொல்கிறேன்: ‘இது எங்கள் அப்பத்தா. முகத்தைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று சொன்னது. கையை எடுக்கட்டுமா என்று கேட்டேன். கை என்றால் எடுத்துக்கொள், ஆனால் மாவு பொங்கிவிடும், சீக்கிரம் எடு என்று சொன்னது.’