கூண்டில் சாவை எதிர்நோக்கிய 49 நாய்கள்!
கொல்லச் சொன்னார்கள்; குழந்தைக்குத் தோழன் ஆயிற்று!

“பிட் புல்.”

இந்த நாயின் பெயரைக் கேட்டாலே பலருக்கு நடுக்கம் எடுக்கும். அகன்ற தலை, பருத்த கழுத்து, கல் போன்ற மார்பு. கவ்வினால் விடாது, ஆளையே கொன்று போடும் என்று பேர்.

அப்படிப்பட்ட நாய் ஒன்று, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில், ஒரு நூல் நிலையத்தில் படுத்து இருந்தது. பக்கத்தில் ஒரு சிறு பிள்ளை. கையில் கதைப் புத்தகம். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பிள்ளை படித்தது. நாய் அசையாமல் கேட்டுக் கொண்டு இருந்தது!

அந்த நாயின் பெயர் ஜானி. அது ஒரு சண்டை நாய்க் கூட்டத்தில் கிடந்த நாய். கொல்லப்பட வேண்டிய நாய்களில் ஒன்று.

அது எப்படிப் பிழைத்தது? நூல் நிலையத்துக்கு எப்படி வந்தது?

காட்டுக்குள் சங்கிலிகள்

2007-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந்தேதி. அமெரிக்காவில் வர்ஜீனியா மாகாணத்தில் ஒரு வீட்டுக்குள் போலீசார் நுழைந்தார்கள். போதைப் பொருள் தேடி வந்தவர்கள் அவர்கள். கண்டதோ வேறு!

வீட்டுக்குப் பின்னால் காடு. அங்கே கார் அச்சுகளை மண்ணில் புதைத்து, அவற்றில் கனத்த சங்கிலிகளைக் கட்டி இருந்தார்கள். சங்கிலியின் மறுமுனையில் நாய்கள்! கறுப்புச் சாயம் பூசிய கொட்டகைகளும் இருந்தன. நாய்ச் சண்டை நடந்த இடம் அது.

50-க்கு மேற்பட்ட பிட் புல் நாய்கள் பிடிபட்டன.

வீட்டுக்காரர் யார்? மைக்கேல் விக். அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தில் புகழ் பெற்ற வீரர். கோடி கோடியாகச் சம்பாதித்தவர்.

நாடே திடுக்கிட்டது. சரியாகச் சண்டை போடாத நாய்களைத் தூக்கில் தொங்க விட்டும், தண்ணீரில் அமுக்கியும் கொன்றார்கள் என்பது விசாரணையில் தெரிய வந்தது. விக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். டிசம்பர் 10-ந்தேதி அவருக்கு 23 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நாய்களுக்கும் தண்டனையா?

மனிதனுக்குத் தண்டனை கிடைத்தது. நாய்களின் கதி என்ன?

சண்டைக்காரர்களிடம் பிடிபட்ட நாய்களைக் கொன்று விடுவதுதான் அதுவரை வழக்கம். “இவை திருந்தாது. வெளியே விட்டால் ஆபத்து” என்பதே பலருடைய எண்ணம். பிராணிகளிடம் அன்பு காட்டும் பெரிய சங்கங்கள் சிலவும் அப்படியே சொல்லி விட்டன!

ஆனால், வேறு சிலர் குறுக்கே நின்றார்கள். “ஒவ்வொரு நாயையும் தனித்தனியாகப் பாருங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்” என்றார்கள். நீதிமன்றம் அதற்கு இடம் கொடுத்தது.

49 நாய்களுக்குச் சோதனை நடந்தது. ஒவ்வொரு நாயாகக் கொண்டு வந்தார்கள். தடவிக் கொடுத்தார்கள். சாப்பிடும்போது பொய்க்கை ஒன்றைத் தட்டில் நீட்டினார்கள். குழந்தை அளவு பொம்மையைப் பக்கத்தில் கொண்டு போனார்கள். வேறு நாயைக் காட்டினார்கள். சீறுகிறதா, கடிக்கிறதா என்று பார்த்தார்கள்.

பல நாய்கள் சீறவில்லை, கடிக்கவில்லை. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு நடுங்கின! ஆளைக் கண்டு அஞ்சியது நாய்தான்!

முடிவு என்ன? கொடிய குணம் என்று கொல்லப்பட்டது ஒரே ஒரு நாய். நோயால் துன்பப்பட்ட இன்னொரு நாயின் உயிரும் போக்கப்பட்டது. மற்ற 47 நாய்களும் பிழைத்தன!

அவற்றைப் பராமரிக்க சுமார் 9 லட்சத்து 28 ஆயிரம் டாலர் கொடுக்கும்படி விக்குக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது.

பிறகு என்ன ஆயின?

லியோ என்ற நாய் மருத்துவமனைக்குப் போயிற்று. புற்றுநோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்கு ஆறுதல் தந்தது.

ஜானி பிள்ளைகளின் தோழன் ஆயிற்று. வகுப்பில் தடுமாறிப் படிக்கும் பிள்ளைக்கு, மற்றவர்கள் சிரிப்பார்களோ என்று கூச்சம் இருக்கும். நாய் சிரிக்காது, “தப்பு” என்று அதட்டாது. அதனால் பிள்ளை தைரியமாக வாய் விட்டுப் படிக்கும்.

எல்லா நாய்களும் இப்படி ஆகிவிடவில்லை. லூகாஸ் என்ற நாய் சண்டையில் பேர் பெற்றது. மனிதரிடம் அன்பாகப் பழகியது. ஆனாலும், ஆயுள் முழுவதும் காப்பகத்திலேயே இருக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லி விட்டது. ஜாஸ்மின் என்ற பெண் நாய்க்கு நல்ல வீடு கிடைத்தும், உள்ளே புகுந்த பயம் முழுவதும் நீங்கவில்லை.

இந்த நாய்களில் கடைசி நாய் 2021-ல் இறந்தது.

பழி யார் மேல்?

இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது?

முன்பு இங்கிலாந்தில் காளையைக் கட்டிப்போட்டு, நாய்களை ஏவி விட்டு வேடிக்கை பார்ப்பார்கள். 1835-ல் சட்டம் அதைத் தடுத்தது. பிறகு நாயோடு நாயை மோத விட்டார்கள். அந்தச் சண்டைக்காக உண்டாக்கிய நாய்களின் வழியில் வந்ததே பிட் புல். குழியில் இறக்கியவன் மனிதன். பழி சுமந்தது நாய்!

“கவ்வினால் தாடை பூட்டிக்கொள்ளும்” என்பது கட்டுக்கதை. மற்ற நாய்களின் தாடை எப்படியோ, அப்படித்தான் இதன் தாடையும்.

2022-ல் விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட நாய்களைப் பற்றி விவரம் சேகரித்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதற்குக் காரணம் 100 பங்கு என்றால், இனத்தின் பங்கு சுமார் 9 தான் என்று கண்டார்கள்.

அதற்காக அசட்டையா?

கூடாது! பிட் புல் பலசாலி. கடித்தால் காயம் பலமாக இருக்கும். உயிர்ச் சேதமும் நடந்து இருக்கிறது. இங்கிலாந்தில் 1991-ல் இந்த இனத்துக்குத் தடை வந்தது. அமெரிக்காவில் டென்வர் நகரம் 1989-ல் தடை செய்தது. 2020-ல் மக்கள் ஓட்டுப் போட்டு, அனுமதியுடன் வளர்க்கலாம் என்று மாற்றினார்கள். வாதம் இன்னும் ஓயவில்லை.

எந்த நாயானாலும் சில விஷயங்களை மறக்கக் கூடாது. வீம்புக்காக நாய் வாங்காதீர்கள். நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள். சாப்பிடும் நாயைச் சீண்ட வேண்டாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கைக்குழந்தையை நாயோடு தனியே விடாதீர்கள். தடுப்பூசி போடத் தவறாதீர்கள்.

இனத்தை மட்டும் பார்த்து முடிவு செய்து இருந்தால், 49 நாய்களும் செத்து இருக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்ததால், 47 நாய்கள் பிழைத்தன. நூல் நிலையத்தில் ஒரு பிள்ளைக்குப் படிக்கத் தைரியமும் வந்தது!