நடுக்களத்துக்காரர்கள் – 17: முதல் கோலும் கடைசி கோலும்

எரிக் ஜெம்பா-ஜெம்பாவைப் போன வாரம் ஓல்ட் டிராஃபோர்டு வாசலில் நிறுத்திவிட்டு வந்தோம். காமரூனின் துவாலாவில் பிறந்ததும் பிரான்சின் நாந்த் கிளப்பில் தேறியதும் ஞாபகம் இருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். துவாலா கினி வளைகுடா ஓரத்தில், நம்ம சென்னை மாதிரியே ஒரு துறைமுக ஊர். எம்.கே.பி. நகரில் உட்கார்ந்து எழுதுகிற எனக்கு அந்த உறவு போதும்.

இந்த வாரம் அவர் சென்னையில் ஆடிய கதை என்று சொல்லியிருந்தேன். அதற்கு முன்னால் ஒரு ஸ்கோர்கார்டு. இதைச் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

2003 செப்டம்பர் 16, சாம்பியன்ஸ் லீக். மான்செஸ்டர் யுனைடெட் 5, கிரேக்கத்தின் பனத்தினாய்கோஸ் 0. கோல் போட்டவர்கள் வரிசையாக: சில்வெஸ்டர், ஃபார்ச்சூன், சோல்ஷார், பட், ஜெம்பா-ஜெம்பா. முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டும் பாருங்கள். இருவருமே எதிராளியின் கோலைத் தடுக்கச் சம்பளம் வாங்கியவர்கள். சரியாகப் பதினோரு வருடம் கழித்து, 2014-ல், முதல் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) சீசனில் அதே இருவரும் பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்.சி.யின் நீலச் சட்டையில்! கூடவே யுனைடெட்டில் வளர்ந்த ஸ்வீடன்காரர் போயான் ஜோர்ஜிச் வேறு. ராத்திரி கண் விழித்து டிவியில் பார்த்த யுனைடெட்காரர்கள் மூன்று பேர், பஸ் ஏறினால் பார்த்துவிடுகிற தூரத்தில்.

யுனைடெட்டுக்காக ஜெம்பா-ஜெம்பா போட்டது மொத்தமே இரண்டு கோல். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 2003 அக்டோபரில் லீக் கோப்பையில் லீட்ஸோடு மேட்ச். கூடுதல் நேரமும் முடியப் போகிற நேரத்தில் இவர் உதைத்த பந்துதான் 3-2 என்று ஜெயிக்க வைத்தது.

அப்புறம் ஏன் இங்கிலாந்தில் அவர் பெயரைச் சொன்னால் சிரிக்கிறார்கள்? 35 லட்சம் பவுண்டு கொடுத்து அவரை வாங்கியபோதே யுனைடெட் கேப்டன் ராய் கீனின் வாரிசு என்று முத்திரை குத்திவிட்டார்கள். அதே கோடையில் வந்து சேர்ந்த இன்னொரு பையன் பெயர் கிறிஸ்டியானோ ரொனால்டோ. ஒரு பக்கம் கீன், ஒரு பக்கம் ரொனால்டோ. நடுவில் மாட்டியவர் எப்படி எடுபடுவார்? 20 லீக் ஆட்டங்கள். 2005 ஜனவரியில் ஆஸ்டன் வில்லாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவர் பார்த்த வேலை அப்படி. கல்யாண வீட்டில் பந்தி கவனிப்பவரை யாராவது பாராட்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு இலையில் சாம்பார் வரவில்லை என்றால்தான் அவரைத் தேடுவார்கள். இந்த வாரம் வியாசர்பாடி முல்லை நகர் கிரவுண்டில் அதே வேலையைப் பார்க்கிற ஒரு பொடியனைக் கவனித்தேன். டிஃபென்ஸுக்கு முன்னால் நிற்கிறான். பந்து எதிராளி காலுக்கு வருவதற்குள் இரண்டு எட்டு முன்னால் போய் வெட்டுகிறான், பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுத் திரும்ப அதே இடத்துக்கு வந்துவிடுகிறான். கைதட்டல் எல்லாம் பந்தை வாங்கிக்கொண்டு ஓடியவனுக்கு.

வில்லாவுக்குப் பிறகு பர்ன்லி, கத்தார். டென்மார்க்கின் ஓடென்சே கிளப் அவரை 2008-லிருந்து நான்கு வருடம் வைத்துக்கொண்டது. உதவாத ஆளை எந்த கிளப் நான்கு வருடம் வைத்துச் சோறு போடும்? பிறகு டெல் அவிவ், பெல்கிரேடு, ஸ்காட்லாந்து என்று சுற்றிவிட்டு 33 வயதில் சென்னை.

இங்கே கோச் மார்கோ மட்டராஸி. அவரே ஆடவும் செய்தார். எலானோ 8 கோல் போட்டு அந்த சீசனின் அதிக கோல் அடித்தவரானார். லீக் சுற்றில் நாம்தான் முதலிடம். அரையிறுதியில் கேரளாவிடம் கொச்சியில் 0-3. இங்கே 3-0 என்று சமன் செய்து கூடுதல் நேரம் வரை இழுத்தோம். அதன் கடைசிக் கட்டத்தில் கேரளாவின் ஸ்டீபன் பியர்சன் ஒன்று போட்டுக் கதையை முடித்துவிட்டார். லீட்ஸ்காரர்களுக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நமக்கும் தெரிந்துவிட்டது.

ஜெம்பா-ஜெம்பா நின்ற அதே நடுக்களத்துக்குப் பிற்பாடு வந்து, 2017-18-ல் கோப்பை வென்ற சென்னையின் அணியிலும் இருந்தவர் நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ். அவரையும் இந்த வாரமே எழுதுவதாக இருந்தேன். ஸ்கோர்கார்டு பக்கத்தைத் தின்றுவிட்டது, ஆசிரியரும் இரண்டு முறை போன் செய்துவிட்டார். கணேஷ் அடுத்த வாரம்.

(தொடரும்)