சர்க்கார் இலாகாவிடம் நஷ்ட ஈடு கோரும் முறை

சர்க்கார் இலாகா ஒன்றின் கவனக் குறைவினால் ஒருவருக்குக் கால் ஒடிந்தாலும், ஒரு சங்கத்தின் சரக்கு கெட்டாலும், அதற்கு ஈடு கேட்க முடியுமா என்னும் சந்தேகம் கிராமங்களில் இன்றும் நீங்கவில்லை. "சர்க்காரோடு யார் வழக்காடுவது?" என்று சொல்லிச் சும்மா இருந்துவிடுவோர் ஒரு சாரார். கலெக்டரிடம் ஒரு மனுவைக் கொடுத்துவிட்டு, காரியம் முடிந்தது என்று எண்ணி வருஷக் கணக்கில் காத்திருப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருள் பின்னவர் நிலையே அதிக வருத்தத்திற்குரியது. அவர்களுடைய கோரிக்கை நியாயமானதாயிருந்தும், கேட்க வேண்டிய முறைப்படி கேளாமையால் காலம் கடந்து வீணாகிறது.

சர்க்கார் மீது வழக்குத் தொடரும் உரிமை புதிதன்று. கல்கத்தாவுக்கு அடுத்த கிதர்ப்பூரிலிருந்த சர்க்கார் கப்பல் பட்டறை வழியாக ஒரு கப்பல் கம்பெனியின் குதிரை வண்டி சென்றுகொண்டிருந்தபோது, இரும்புத் துண்டைச் சுமந்து வந்த ஆட்கள் அதைக் கீழே போட்டுவிட்டனர். அந்த ஓசையில் குதிரைகள் மிரண்டு, ஒன்று காயமுற்றது. கம்பெனி கேட்ட ஈடு 350 ரூபாய். தனியாரும் நடத்தக்கூடிய தொழிலைச் சர்க்கார் நடத்துமிடத்துத் தனியாரைப் போலவே ஈடு கொடுக்கவும் கடமைப்பட்டது என்று 1861-ம் வருஷத்தில் தீர்ப்பாயிற்று. உதயபூர் கலெக்டரின் உபயோகத்திற்கான ஜீப் வண்டி, பழுது பார்த்துத் திரும்பும் வழியில் மோதி ஒருவர் இறந்த வழக்கிலும், ராஜஸ்தான் சர்க்கார் ஈடு கொடுக்க வேண்டுமென்று 1962-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

ஆனால் அரசுரிமையைச் சார்ந்த செய்கை என்று சொல்லப்படும் விஷயங்களில் வழி இவ்வளவு நேரானதாக இருக்கவில்லை. மீரத் நகரில் 1947-ல் போலீஸார் கைப்பற்றி வைத்த தங்கத்தை அவர்களுள் ஒருவரே அபகரித்துக்கொண்டு ஓடிய வழக்கில், உடையவருக்கு ஈடு கிடைக்கவில்லை. இத்தீர்ப்பைப் பலரும் குறை கூறினர். பிற்காலத்தில், ஆந்திர தேசத்தில் அதிகாரிகள் கைப்பற்றி வைத்திருந்த உரமும் தானியமும் கவனிப்பாரின்றிக் கெட்டுப்போனதற்குச் சர்க்காரே பொறுப்பு என்று 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. உரம் விற்கும் சங்கங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

இனி, முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். சாலையோரம் வடிகால் வெட்டும் இலாகா, தோண்டிய மண்ணைச் சங்கக் கிடங்கின் வாயிலருகே குவித்துவிட்டு வேலையை நிறுத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐப்பசி மழையில் தண்ணீர் வடிய வழியின்றிக் கிடங்கினுள் புகுந்து 40 மூட்டை உரம் கரைகிறது. அதே இரவில், விளக்கோ தடுப்போ இல்லாத அப்பள்ளத்தில் அங்கத்தினர் ஒருவர் விழுந்து கால் ஒடிகிறார்.

இங்கே நஷ்டமடைந்தவர் இருவர் என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உரம் சங்கத்தின் சொத்து, கால் அங்கத்தினருடையது. பதிவு பெற்ற சங்கம் சட்டப்படி ஒரு தனி நபர் போன்றது. தன் பெயராலேயே வழக்காடும். ஆகவே நிர்வாக சபை கூடித் தீர்மானம் செய்து சங்கத்தின் பெயரில் கேட்க வேண்டும்; காயமடைந்தவர் தம் பெயரில் தனியே கேட்க வேண்டும். இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதித் தலைவர் கையொப்பமிட்டு அனுப்பினால், எந்தப் பணம் யாருக்கு என்ற விவகாரத்திலேயே காலம் போய்விடும்.

கெட்ட மூட்டைகளை அன்றே இருப்புப் புத்தகத்தில் குறிக்க வேண்டும். வருஷ முடிவில் தணிக்கையின்போது எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், சரக்கு மழையில் போயிற்றா, வேறு வழியில் போயிற்றா என்ற கேள்வி எழும். அதற்குக் காரியதரிசியே பதில் சொல்ல நேரிடும். கிராம நிர்வாக அலுவலர் முன்னிலையில் மூட்டைகளை எண்ணி, கிடங்கில் நின்ற தண்ணீரின் உயரத்தையும் வெளியே குவிந்த மண்ணையும் அளந்து எழுதி, போட்டோவும் எடுத்து வைப்பது உத்தமம். பள்ளத்தின் நீளம், அகலம், ஆழம் ஆகியவற்றையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். விபத்து நடந்தபின் இலாகாவினர் விரைந்து வந்து பள்ளத்தை மூடுவது வழக்கம். மூடுவது நல்ல காரியந்தான். ஆனால் மூடிய பள்ளத்தின் ஆழத்தைப் பிறகு ஒருவராலும் அளக்க முடியாது.

காயமடைந்தவர் சம்பந்தமாக ஒரு பெரும் பிழை அடிக்கடி நேர்கிறது. போலீஸ் தொந்தரவு வருமே என்று அஞ்சி, ஆஸ்பத்திரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். அவ்வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதற்குப்பின் எத்தனை சாட்சிகள் வந்தாலும் அதை அழிப்பது கடினம். எங்கே, எப்போது, எப்படி விழுந்தார் என்பதை உள்ளபடியே சொல்ல வேண்டும். போலீஸில் புகார் பதிவானால் முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகக் கிடைக்கும். மருந்துச் சீட்டு, வண்டிக் கூலி, வேலைக்குப் போகாத நாட்கள் ஆகிய அனைத்திற்கும் ஆதாரம் சேர்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது, வேலையைச் செய்தது யார் என்பது. சாலை எந்த இலாகாவினுடையது, வேலை எந்தக் காண்ட்ராக்டரிடம் விடப்பட்டது என்பதை ஊரார் ஊகத்தால் தீர்மானிக்கக் கூடாது. 2005-ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்தால், வேலை உத்தரவின் நகலும் காண்ட்ராக்டரின் விவரமும் கேட்டுப் பெறலாம். பதிலுக்குச் சட்டம் வைத்துள்ள கெடு 30 நாட்கள்.

இனி நோட்டீஸ். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 80-வது பிரிவின்படி, சர்க்கார் மீது வழக்குத் தொடருமுன் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். மாநில சர்க்காராயின் அதன் காரியதரிசி ஒருவரிடமோ, ஜில்லா கலெக்டரிடமோ கொடுக்கலாம். ரயில்வே சம்பந்தமாயின் அந்த ரயில்வேயின் ஜெனரல் மானேஜரிடம் கொடுக்க வேண்டும். வேலையை மேற்பார்த்த என்ஜினீயரிடம் மட்டும் கொடுப்பது போதாது. நோட்டீஸில் இருக்க வேண்டியவை சிலவே: கேட்பவரின் பெயர், விவரம், வாசஸ்தலம், நடந்தது இன்னது, கேட்கும் பரிகாரம் இன்னது. தொகையை இன்ன கணக்கில் இவ்வளவு என்று பிரித்து எழுதுவது நல்லது. கடுஞ்சொற்களும், மற்ற ஊர்க் குறைகளும் அதில் வேண்டா.

திங்கட்கிழமைக் குறை தீர்க்கும் நாளில் கொடுக்கும் மனு இந்த நோட்டீஸ் ஆகிவிடுமா என்று சிலர் கேட்கின்றனர். "தக்க நடவடிக்கை எடுக்கக் கோருகிறேன்" என்று மட்டும் எழுதிய மனுவை நம்பியிருத்தல் கூடாது. சிறு பிழைகளுக்காக வழக்கைத் தள்ளக் கூடாது என்று 1976-ம் வருஷத்துத் திருத்தம் கூறுவது உண்மையே. எனினும் கேட்பவர் யாரென்பதும், வழக்கின் காரணமும், கேட்கும் பரிகாரமும் தெரிய வேண்டும் என்பதை அது தளர்த்தவில்லை. நோட்டீஸை நேரில் கொடுத்தால் நகலில் தேதி முத்திரை பெற வேண்டும்; தபாலில் அனுப்பினால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். பிற்பாடு தாவாவில், நோட்டீஸ் கொடுத்தாயிற்று என்று எழுதுவதும் அவசியம். உடனே தடுக்காவிடில் பெருந்தீங்கு நேருமென்றால், கோர்ட்டின் அனுமதி பெற்று நோட்டீஸுக்கு முன்பே வழக்குத் தொடரலாம்.

காலவரம்பே பலரைக் கெடுப்பது. ஒரு சட்டத்தின்படி செய்ததாகச் சொல்லப்படும் செய்கையால் விளைந்த நஷ்டத்திற்கு ஓராண்டு. மரணத்திற்கு ஈடு கேட்டு வாரிசுகள் தொடரும் வழக்கிற்கு இரண்டாண்டு. வேறு பல நஷ்டங்களுக்கு மூன்றாண்டு என்று 1963-ம் வருஷத்துச் சட்டம் வகுத்துள்ளது. தம்முடைய வழக்கு இவற்றுள் எதில் சேரும் என்று வக்கீல்களே வாதிடுவதுண்டு. ஆகவே ஓராண்டையே எல்லையாகக் கொண்டு நடப்பது பத்திரமானது. நோட்டீஸுக்காகக் காத்திருக்கும் இரண்டு மாதம் இக்கணக்கில் கழிக்கப்படும். கலெக்டர் கச்சேரிக்கு நடந்த மாதங்கள் கழிக்கப்படமாட்டா.

எல்லாவற்றையும் சர்க்கார் என்ற ஒரே பெயரால் அழைப்பதும் பிழை. வழக்கில் பிரதிவாதி இலாகா அன்று. தமிழ்நாடு அரசு என்றே குறிக்க வேண்டும். மின்சாரம் வழங்குவதோ தனிக் கம்பெனி; அதன் மீதே கேட்க வேண்டும். அறுந்து கிடந்த கம்பியால் மனிதரோ மாடோ இறந்தால் மின் ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும். வேறொருவர் திருட்டுத்தனமாய்க் கம்பி இழுத்ததால் நேர்ந்தது என்னும் சமாதானம் மின்சார வாரியத்தைக் காப்பாற்றாது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. சர்க்கார் மோட்டார் வண்டி மோதிய விபத்தாயின், மோட்டார் விபத்து நஷ்ட ஈட்டு நியாயஸ்தலத்திற்குச் செல்ல வேண்டும். அங்கே ஆறு மாதக் கெடு 1-4-2022 முதல் அமலுக்கு வந்தது. அது செல்லுமா என்ற வாதம் கோர்ட்டுகளில் எழுந்துள்ளதெனினும், அதை நம்பித் தாமதிப்பது விவேகமன்று.

நோட்டீஸ் கிடைத்தபின் இலாகாவோ காண்ட்ராக்டரோ ஒரு தொகை கொடுக்க முன்வரலாம். அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற ரசீதில், கால் கூடுமா கூடாதா என்று டாக்டர் சொல்லுமுன் கையொப்பமிடக் கூடாது. பணவசதி இல்லாதோரும், பெண்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பினரும், பழங்குடியினரும் 1987-ம் வருஷத்துச் சட்டப்படி இலவசச் சட்ட உதவி பெறலாம். தாலூகா கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகினால், அவர்கள் மூலம் லோக் அதாலத்திலும் சமரசம் பேசலாம். அங்கே ஆகும் முடிவுக்கு அப்பீல் கிடையாது. ஆதலால் தொகையை யோசித்தே ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழக்கில் டிக்ரி கிடைத்தாலும் மறுநாளே ஜப்திக்குப் போக முடியாது. டிக்ரி தேதியிலிருந்து மூன்று மாதம் வரை பணம் கட்டப்படாதிருந்தால்தான் சர்க்கார் மீது நிறைவேற்று மனு செல்லும். அதுவரை சங்கக் கணக்கில் அத்தொகையை வரவேண்டிய பாக்கியாகக் காட்டி, கெட்ட உரத்தைத் தனியே குறித்து வைக்க வேண்டும். பணம் கைக்கு வந்த தேதியில்தான் வரவு எழுத வேண்டும்.