இதய மின்வரைவும் மண்சுவர்க் குடிசையும்: கணனிவழி நோய் இனங்காணல் பற்றிய ஒரு குறிப்பு

இதயத்தசை இயங்குந்தோறும் எழும் நுண்ணிய மின்மாற்றத்தை உடலின் மேற்பரப்பிலிருந்தே செம்மையாக வரைந்துகொள்ளும் கருவியை ஒல்லாந்தின் லைடன் நகரிலே உருவாக்கிய வில்லெம் ஐந்தோவன், 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். அத்தகைய வரைவுகளைக் கொண்டு கணனியைப் பயிற்றி, இதயச் சேதத்தை இனங்காணும் முயற்சிகள் இன்று பெரிதும் வியந்துரைக்கப்படுகின்றன. வியப்போர் இயந்திரத்தின் மதிநுட்பத்தையே காண்கின்றனர். அதனுள் உறைந்துள்ள மனித உழைப்பையும், அதனைச் சூழ்ந்த சமூக உறவுகளையும் காண்பதில்லை. இவற்றைத் தெளிவுறக் காட்டும் களமாகப் பிரேசிலின் சாகஸ் நோயை நாம் இங்கு எடுத்துக்கொள்கின்றோம்.

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், புகையிரதப் பாதை அமைக்கும் தொழிலாளரிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்தச் சென்ற வைத்தியர் கார்லோஸ் சாகஸ், 1909இல் இந்நோயைக் கண்டறிந்தார். பூசப்படாத மண்சுவரின் வெடிப்புகளிற் பதுங்கியிருந்து, இரவிலே குருதி உறிஞ்சும் பூச்சியே இதன் ஒட்டுண்ணியைப் பரப்புவது. ஆகவே இது தோற்றத்திலேயே குடிசைவாசிகளின் நோய். தொற்றுக்குள்ளானோரில் மூவருள் ஒருவர் வரையிலானோருக்கு, பல ஆண்டுகள் கழிந்தபின் இதயம் சேதமடைகின்றது.

இதே மாநிலத்திலேதான் அரச பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தொலைமருத்துவ வலையமைப்பு ஒன்று, சிற்றூர்ச் சுகாதார நிலையங்களில் எடுக்கப்படும் மின்வரைவுகளைத் தொலைவிலிருந்தே வைத்தியர்களைக் கொண்டு வாசித்து அறிக்கை அனுப்பி வந்துள்ளது. 811 உள்ளூராட்சிப் பிரதேசங்களைச் சேர்ந்த 1,676,384 நோயாளரின் 2,322,513 வரைவுகள் இவ்வாறு திரண்டன. இவற்றைக் கொண்டு கணனி பயிற்றப்பட்டமை பற்றிய ஆய்வு 2020இல் வெளிவந்தது. வல்லுநர் பற்றாக்குறையை ஈடுசெய்யத் தோன்றிய பொது நிறுவனமொன்றின் அன்றாட உழைப்பே இவ்வறிவின் மூலதனம் என்பது மனங்கொளத்தக்கது.

பயிற்றுதல் என்பது யாது? பத்து வினாடி வரைவொன்று, வினாடிக்கு 400 முறை அளக்கப்பட்ட பன்னிரு தடங்களாக, 48,000 எண்களாகின்றது. இவ்வெண்கள் பல அடுக்குகளில் நிறையிடப்பட்டு இறுதியில் ஒரு நிகழ்தகவைத் தருகின்றன. வைத்தியர் முன்னரே எழுதிவைத்த முடிவோடு அது முரண்படுமிடத்து, முரண்பாட்டின் அளவுக்கேற்ப நிறைகள் திருத்தப்படுகின்றன. இது திரும்பத் திரும்ப நிகழ்வதே ‘கற்றல்’ எனப்படுகின்றது. எழுதிவைத்த முடிவு பிழையாயின், இயந்திரம் அப்பிழையையும் செவ்வனே கற்கும்.

சாகஸ் நோயைப் பொறுத்தவரை இச்சிக்கல் கடுமையானது. மின்வரைவிலிருந்து இந்நோயை இனங்காணும் பணி, 2025இல் பிசியோநெற் அமைப்பின் போட்டியொன்றில் உலக ஆய்வாளர் முன் வைக்கப்பட்டது. பிரேசிலின் பெருந்தொகுதியில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட வரைவுகள் இருந்தன. ஆயின் நோய் உண்டா, இல்லையா என்பது நோயாளர் தாமே கூறியது. பரிசோதனைக்கே வழியற்ற ஏழை அதில் நோயற்றவராகப் பதிவாகிவிடக்கூடும். குருதிப் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டவை 1,631 வரைவுகள் மாத்திரமே. நோயற்றோருக்கு எடுத்துக்காட்டாக ஜேர்மனியில் திரட்டப்பட்ட 21,799 வரைவுகள் சேர்க்கப்பட்டன. இவை வினாடிக்கு 500 முறை அளக்கப்பட்டவை. பிரேசில் வரைவுகளோ 400 முறை. கவனமின்றிப் பயிற்றப்படும் இயந்திரம் நோயை விட்டுக் கருவியையே, ஏன், நாட்டையே இனங்காணக் கற்றுக்கொள்ளும். ஏட்டுச்சுவடியின் எழுத்தமைதியைக் கொண்டு நூலின் காலத்தைத் துணிய முற்பட்டு, ஏடெழுதியவனின் காலத்தையே கண்டடைந்த ஆய்வுகள் நமது துறைக்கும் புதியனவல்ல.

மருந்தைப் பற்றியும் கூறவேண்டும். பென்ஸ்நிடாசோல் தொற்றின் தொடக்க காலத்திலேயே மிகுந்த பயன் தருவது. இதயம் ஏற்கெனவே சேதமுற்றோரில் அது நோயின் போக்கைக் குறிப்பிடத்தக்க அளவு தடுக்கவில்லை என்பதை 2015இல் வெளியான பெரும் பரிசோதனை காட்டியது. மின்வரைவோ சேதம் நேர்ந்த பின்னரே தெளிவாகப் பேசுவது. இதனால் இம்முயற்சி வீணென நாம் கருதவில்லை. குருதிப் பரிசோதனை வசதி அருகிய இடங்களில் யாரை முதலிற் பரிசோதிப்பது என்பதற்கு மலிவான வரைவொன்று வழிகாட்டுமாயின் அது சிறு பயனன்று. இதயத் துடிப்புச் சீர்கேட்டுக்கும் இதயத் தளர்வுக்கும் சிகிச்சை உண்டு.

முதன்மைப் பூச்சியினத்தின் மூலமான பரவல் நீங்கிய நாடாகப் பிரேசில் 2006இல் சான்று பெற்றது. இன்று அங்கு இவ்வரைவுகளில் இனங்காணப்படுவோர் பெரும்பாலும் முதியோர்: பிள்ளைப் பருவத்தை அக்குடிசைகளிற் கழித்து, பின்னர் தொழில் தேடி நகரங்களுக்குச் சென்றவர்கள்.