பூசணிப் பிஞ்சு ஏன் வெம்புகிறது?

பூசணியில் பெண்பூ விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். மறுநாள் திறக்காது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீக்கள் பலமுறை வந்து ஆண்பூவின் மகரந்தத்தைச் சேர்த்தால்தான் அடியிலிருக்கும் பிஞ்சு காயாகும். வராவிட்டால் மஞ்சளடித்து உதிரும். குறைவாக வந்தால் காய் ஒரு பக்கம் சூம்பிப்போகும்.

உதிர்ந்த பிஞ்சோடு மருந்துக்கடைக்குப் போனால், "அண்ணே, இதையும் டானிக்கையும் கலந்து அடிங்க" என்று பாட்டில் கைக்கு வரும். காலையிலேயே அடித்தால் மிச்சமிருந்த தேனீயும் போச்சு. அடுத்த வாரம் இன்னும் அதிகப் பிஞ்சு உதிரும், இன்னொரு பாட்டில் வாங்குவோம்.

வாங்குமுன் பிஞ்சைப் பிளந்து பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் பழ ஈயின் வேலை. இல்லையென்றால், காலையில் ஆண்பூவைப் பறித்து இதழைக் கிள்ளிவிட்டு, பத்துப் பெண்பூக்களில் தடவி அடையாளம் கட்டிவையுங்கள். அவை மட்டும் காய் பிடித்தால் உங்கள் தோட்டத்துக்குக் குறை தேனீதான்.

அது ஏன் குறைந்தது? வெப்பம் கூடினால் பூசணி வகைகளில் ஆண்பூ பெருகிப் பெண்பூ குறைவது ஒருபுறம் இருக்க, தேனீக்களோ கூட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் சுமக்கப் போய்விடும். அதோடு, வரப்பில் களைக்கொல்லி அடித்து, வேலியோரத்துப் பட்ட மரத்தையும் வெட்டிவிட்டோம். மண்ணில் வளை தோண்டும் தேனீக்கும், மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் தச்சுத் தேனீக்கும் வீடு அவைதாம்.

பெட்டித் தேனீ வாங்கி வைத்தால் போதும் என்பது பாதி உண்மை. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனித் துளை வழியே அதிர்ந்துதான் கொட்டும். தச்சுத் தேனீ ரீங்கரித்தே அதை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தவிர, 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் வைரஸ் கேரளத்திலும் தமிழகத்திலும் பெட்டித் தேனீக் கூட்டங்களைப் பெருமளவில் அழித்ததும் நடந்த கதை. ஓர் இனத்தை மட்டும் நம்ப முடியாது.

பாட்டிலில் இருக்கும் முக்கோணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற அந்த வண்ணம் பாலூட்டிகளுக்கான நச்சளவைச் சொல்கிறது; தேனீக்கானது அல்ல. தேனீயைக் கொல்லும் தயாமீத்தாக்சாம் சிவப்பு முக்கோணம் இல்லாமலேயே விற்கிறது. அதையும் இமிடாகுளோபிரிட், குளோதியானிடின் ஆகியவற்றையும் திறந்தவெளிப் பயிர்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் தடை போட்டது. இவை செடியின் சாற்றில் ஊறித் தேனிலும் மகரந்தத்திலும் சேர்கின்றன. அதனால் மொட்டு விட்டபின் இவற்றைத் தொடவே வேண்டாம். வேறு மருந்து கட்டாயம் தேவைப்பட்டால் பொழுது சாய்ந்தபின் அடியுங்கள். பக்கத்தில் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

பூச்சிக்கொல்லிக்கு ரசீது தருவது 1971ஆம் ஆண்டு விதிகளின்படி கடைக்காரரின் கடமை. "ஜிஎஸ்டி ஏறும்" என்று மழுப்பினாலும் விடாதீர்கள். உள்ளே மடித்திருக்கும் துண்டுப் பிரசுரத்தில் உங்கள் பயிரின் பெயர் இல்லையென்றால் அந்த மருந்து வேண்டாம்.

தவறான மருந்தால் பயிரோ தேனீயோ அழிந்தால் பாட்டிலைக் கழுவி எறியாமல், தொகுப்பு எண் தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலகத்தின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் மனுக் கொடுக்கலாம். இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு. மருந்துக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது.