காற்றைக் கேட்டு விட்டுப் போவோம்!

மாணவச் செல்வங்களே... 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்ற பழமொழி உங்களுக்குத் தெரியும். ஆடி மாதத்தில் நாமக்கல் மலைக்கோட்டை மீது ஏறி நின்றால், சட்டை படபடவென்று அடித்துக் கொள்ளும். சமவெளியில் வாழும் நமக்கு, காற்று என்றால் அவ்வளவு தான். ஆனால், கடற்கரையில் காற்று தான் எஜமான்! அதைப் பார்க்க, தனுஷ்கோடிக்கு ஒரு பயணம் போவோமா?

சேலத்தில் இருந்து நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழியாக ராமேஸ்வரம், சுமார் 400 கி.மீ., தூரம். மண்டபத்தைத் தாண்டியதும் தரை முடிந்து விடும். அங்கிருந்து, 1988ல் திறக்கப்பட்ட சாலைப் பாலம், கடல் மீது நம்மை பாம்பன் தீவுக்கு அழைத்துச் செல்லும். பக்கத்திலேயே ரயில் பாலமும் தெரியும். 1914ல் திறந்த பழைய பாலத்தில், 2022 டிசம்பருடன் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. கப்பல் வந்தால், அதன் ஒரு பகுதி லிப்ட் போல மேலே எழும்பி வழி விடும்!

ராமேஸ்வரத்தில் இருந்து தனுஷ்கோடி வழியாக, நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை இப்போது தார்ச்சாலை உண்டு. இது முழுமையாகத் திறக்கப்பட்டது 2017ல் தான். அதற்கு முன், மணலில் வேன்கள் தடுமாறித் தான் போகும்.

சாலையின் இரு பக்கமும் கடல். வடக்கே இருப்பதை, 'பெண் கடல்' என்றும், தெற்கே மன்னார் வளைகுடாவை, 'ஆண் கடல்' என்றும் மீனவர்கள் சொல்வர். தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் தெற்குக் கடல் கொந்தளிக்கும். வடக்குக் கடல் குளம் போல இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்று வந்ததும், வடக்குக் கடல் பொங்கும். இரண்டையும் ஆட்டி வைப்பது காற்று தான்!

அந்தக் காற்றின் கோபத்தை, 1964ல் தனுஷ்கோடி பார்த்தது. அப்போது அது ரயில் நிலையம், தபால் நிலையம், சுங்க அலுவலகம் எல்லாம் இருந்த ஊர். இலங்கையின் தலைமன்னாருக்கு இங்கிருந்து தான் கப்பல் போகும். டிசம்பர் 22 இரவு, பெரும்புயல். பாம்பனில் இருந்து கிளம்பிய பயணிகள் ரயில், தனுஷ்கோடியை நெருங்கியது. சிக்னல் விளக்கு எரியவில்லை. சற்று நேரம் காத்திருந்த டிரைவர், விசில் கொடுத்து விட்டு ரயிலை நகர்த்தினார் என்பர். ராட்சத அலை ஒன்று, ரயிலையே விழுங்கி விட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பாவம், எவ்வளவு பெரிய அலை வருகிறது என்று டிரைவருக்குச் சொல்ல, அந்த இருட்டில் யார் இருந்தனர்?

புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை, ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் குழு, 46 நாளில் சீர் செய்தது. பின்னாளில் டில்லி மெட்ரோவை உருவாக்கியவர் அவரே! தனுஷ்கோடி மட்டும் மீளவே இல்லை. மக்கள் வசிக்கத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்து விட்டது. இடிந்த சர்ச் சுவர்கள், இன்றும் மணலில் நிற்கின்றன.

பாம்பன் பாலத்தில் பிற்காலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி பொருத்தப்பட்டது. காற்று, மணிக்கு 58 கி.மீ., வேகத்தைத் தாண்டினால், சிவப்பு விளக்கு எரியும்; ரயில் நின்று விடும். எத்தனை அவசரமானாலும் காத்திருக்கத் தான் வேண்டும். 1964 கற்றுக் கொடுத்த பாடம் இது!

ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில், 1,600 கி.மீ.,க்கும் நீளமான ஐர் நெடுஞ்சாலை உள்ளது. அது கடந்து செல்லும் நல்லார்பார் சமவெளியில், மரங்களைக் காண்பதே அரிது. கடற்காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் கூடாரம் போடுவோர், அதன் குறுகலான பக்கத்தைக் காற்றுக்கு எதிராக வைப்பர். வாசல், காற்று வராத பக்கம் இருக்கும். மணலில் சிறு முளைகள் பிடுங்கிக் கொள்ளும். அதனால், பையில் மணல் நிரப்பிப் புதைத்து, கயிற்றை அதில் கட்டுவர். சாரணர் முகாமுக்குப் போகும் பிள்ளைகள், இதை நினைவில் வையுங்கள்!

அரிச்சல்முனையில் கூடாரம் போட முடியாது. மாலைக்குள் திரும்பி விட வேண்டும். பெற்றோருடன் நீங்கள் அங்கே போகும் போது, கடலில் கால் வைக்கும் முன், அங்குள்ள மீனவரிடம், 'அண்ணா, இன்னைக்குக் காத்து எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். அவர், 'வேண்டாம் தம்பி' என்றால், கரையிலேயே நின்று கடலை ரசியுங்கள். சரி தானே?